அம்பருக்குள்ள காணாம போன ரோஜா: ஒரு பெர்ஃப்யூம் கலந்த பதிவு

மூணு மாசமா ஒரே ஒரு வாசனையைப் பிடிச்சுக்கிட்டு கலந்துட்டு இருந்தேன், ரோஜாவும் அம்பரும். கடைசில ஒரு பாட்டில் மனசுக்கு நிறைவா வந்துச்சு, அதுக்கு முன்னாடி மூணு தடவை சரியா வரல, ஏன் வரலைங்கறது இப்பதான் தெளிவா புரியுது, அதனால மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன். வீட்டுல பெர்ஃப்யூம் கலக்கறவங்க நிறைய பேர் இந்த ஜோடில ஒரு தடவையாவது மாட்டியிருப்பீங்க.

எனக்கு வேண்டியது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். பறிச்ச உடனே மணக்கற ஈரமான ரோஜா இல்ல. வாடத் தொடங்குன ரோஜா இதழ்ல ஒரு தேன் வாசம் வரும்ல, கொஞ்சம் காஞ்ச பழம் மாதிரி, அந்த ரோஜா. அதுக்குக் கீழ கம்பளிக்குள்ள கை விட்ட மாதிரி கதகதப்பா, லேசா தோல் வாசத்தோட, ரொம்ப இனிக்காத ஒரு அம்பர். ரெண்டும் ஒட்டாம தனித்தனியா நிக்கக்கூடாது, அதே சமயம் ரெண்டுமே கடைசி வரைக்கும் இருக்கணும். இந்தக் கடைசி வரைக்கும்ங்கறது தான் மூணு மாசத்தைத் தின்னுச்சு.

பெர்ஃப்யூம்ல அம்பர்னு தனியா ஒரு பொருள் கிடையாது, இதுல பலருக்கும் குழப்பம் இருக்கு. நகைல வைக்கற மஞ்சள் அம்பர், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின மரப்பிசின் இறுகி கல்லானது, அதை அப்படியே மோந்து பாத்தா ஒண்ணும் வராது. ஸ்பெர்ம் திமிங்கலத்தோட குடல்ல உருவாகி கடல்ல மிதக்கற ஆம்பர்கிரிஸ் வேற, அதோட வாசனை உப்புக்காத்து பக்கம் போகும். பெர்ஃப்யூம்ல சூடான அம்பர்னு சொல்றது லாப்டனம், பென்சாயின், வனிலா மூணும் சேர்ந்து உண்டாக்கற ஒரு கற்பனை வாசனை, அதாவது அக்கார்டு. 1874-ல ஜெர்மனில டீமன், ஹார்மன்னு ரெண்டு வேதியியலாளர்கள் வனிலாவோட முக்கிய வாசனைப் பொருளான வனிலினை செயற்கையா தயாரிச்சாங்க, அது தாராளமா கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் இப்ப நாம அம்பர்னு சொல்ற இந்த வாசனையே பழக்கத்துக்கு வந்துச்சு. பென்சாயின்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம சாம்பிராணி தான், ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசின். சியாம் வகை, சுமத்ரா வகைன்னு ரெண்டு வரும், சியாம்ல வனிலா வாசம் தூக்கலா இருக்கும், சுமத்ரா கொஞ்சம் பட்டை வாசத்தோட முரடா இருக்கும். நான் சியாம் எடுத்துக்கிட்டேன், டிபிஜி-ன்னு வாசனை இல்லாத ஒரு கரைப்பான்ல 50 சதவீதம் கரைச்சு வந்தது, அதனால ஊத்தறதுக்கு சுலபம்.

லாப்டனம் அப்படி இல்ல. சிஸ்டஸ் லாடனிஃபர்னு ஒரு புதர்ச்செடி, மத்தியதரைக் கடலோட மேற்குப் பக்கம் வளரும், கோடைல இலையெல்லாம் பிசின் வடிஞ்சு தொட்டா ஒட்டிக்கும். அந்தக் காலத்துல ஆட்டுத் தாடில ஒட்டிக்கிட்ட பிசினை எடுத்தாங்கன்னு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கார், லாப்டனம் அப்சல்யூட்டை, அதாவது கரைப்பான்ல எடுத்த கெட்டியான சாரத்தை, முதல் தடவை திறந்தப்ப எனக்கு அது ஏன்னு புரிஞ்சுது. பாட்டிலைத் தலைகீழா பிடிச்சா கூட ஒரு சொட்டு விழல. தார் மாதிரி கறுப்பு, ஸ்பேட்டுலாவ விட்டு எடுத்தா நூல் நூலா இழுக்குது, அந்த நூல் காத்துல ஆடி தராசு மேல, கை மேல, மேஜை மேல எல்லாம் படியுது. ஒரு கப்புல வெந்நீர் வெச்சு, கை பொறுக்கற சூட்டுல, பாட்டிலை பத்து நிமிஷம் நிக்க வெச்சேன், அப்பதான் தேன் பதத்துக்கு இளகுச்சு. அடுப்பு பக்கத்துல இதைப் பண்ணாதீங்க, அடுத்த வேலையே ஆல்கஹால் ஊத்தறது தான், நெருப்பு இருக்கற இடத்துல ஆல்கஹாலே வரக்கூடாது. பீக்கரை தராசுலயே வெச்சு, லாப்டனத்தை நேரா அதுல இறக்கி, அதே எடைக்கு ஆல்கஹால் ஊத்தி 50 சதவீதம் ஆக்கிட்டேன். ஒரு ராத்திரி ஊறினதும் நல்லா கரைஞ்சுது, அடியில மட்டும் மெழுகு மாதிரி ஒரு படிவு. தனியா மோந்து பாத்தா தோல், காஞ்ச திராட்சை, கொஞ்சம் புகை, கடைசில ஒரு தேன் பிசுபிசுப்பு. இந்தத் தேனையும் காஞ்ச திராட்சையையும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் வழி காட்டுச்சு.

முதல் அம்பர் பேஸ், அதாவது அம்பருக்கான அடிப்படைக் கலவை, 10 கிராம், லாப்டனம் கரைசல் 4, பென்சாயின் 4, வனிலின் 1.5, பச்சோலி இலை எண்ணெய் 0.5. வனிலின் வெள்ளைத் தூளா இருக்கும், ஆல்கஹால்ல நல்லா கரையும். கலந்து ரெண்டு நாள் விட்டேன், பிரமாதமா இருந்துச்சு, உண்மையாவே பிரமாதம். அது தான் பிரச்சனைன்னு அப்ப தெரியல.

ரோஜாவுக்கு வருவோம். ரோஜா எண்ணெய்ல ரெண்டு பெரிய வகை இருக்கு, நீராவில வடிக்கற ஓட்டோ, கரைப்பான்ல எடுக்கற அப்சல்யூட். ரெண்டுலயும் ஆளுக்கு ஒரு சின்ன சாம்பிள் கைல இருந்துச்சு. ஓட்டோ ஒரு கிலோ கிடைக்க ஆயிரக்கணக்கான கிலோ இதழ் வேணும், அதனால ஒரு சொட்டு எடுக்கவே கை நடுங்கும். குளிர்ந்த காலைல பாத்தா பாட்டில்ல ஊசி ஊசியா உறைஞ்சிருந்துச்சு, கெட்டுப் போச்சோன்னு பதறாதீங்க, ஓட்டோல இயற்கையாவே மெழுகு இருக்கு, ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழ போனா உறையும், உள்ளங்கைல வெச்சா ரெண்டு நிமிஷத்துல இளகிடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மோந்து பாத்தா வித்தியாசம் நல்லா தெரியும். ஓட்டோ கூர்மையா, கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் மிளகு. அப்சல்யூட் தடிமனா, தேனா, நிஜப் பூவுக்கு இன்னும் கிட்ட. காரணம் ரோஜாப்பூவோட முக்கிய வாசனைப் பொருளான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். அது தண்ணில கரையும், அதனால வடிக்கும்போது பெரும்பகுதி பன்னீர் பக்கம் போயிடுது, எண்ணெய்ல கொஞ்சம் தான் தங்குது. அப்சல்யூட்ல அது தான் பாதிக்கு மேல. எனக்கு வேண்டியது வாடின ரோஜா, அதனால அப்சல்யூட்.

ஆனா முழுக்க அப்சல்யூட்ல பண்ண கட்டுப்படியாகாது, உடம்பை மத்த பொருள்ல கட்டி உயிருக்கு மட்டும் அப்சல்யூட் விட்டேன். 10 கிராம் ரோஜா பேஸுக்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 4.5, ரோஜாலயே இருக்கற சிட்ரனெல்லால் 2.5, ஜெரானியால் 1.5, ஜெரேனியம் எண்ணெய் 0.7, ரோஜா அப்சல்யூட் 0.5, பீட்டா அயனோன் 0.2, யூஜெனால் 0.1. யூஜெனால் கிராம்புல இருக்கற அதே பொருள், 0.1-ஐ தாண்டினா பல் டாக்டர் ரூம் நெடி வந்துடும், ஆனா அது இல்லாம ரோஜா தட்டையா கிடக்கும். ஜெரேனியம் கொஞ்சம் பச்சை இலை வாசம் குடுக்கும். இந்த பேஸ் தனியா நல்ல ரோஜா தான், கொஞ்சம் சோப்பு சாயல் இருந்தாலும்.

முதல் ட்ரையல், ரெண்டு பேஸும் ஆளுக்கு 1 கிராம். ஸ்ட்ரிப்ல, அதாவது மோந்து பாக்கற காகிதப் பட்டைல, முக்கி எடுத்தேன், பத்து நிமிஷம் ஆஹான்னு இருந்துச்சு. நாப்பது நிமிஷத்துல வனிலா. ரெண்டு மணி நேரத்துல வெறும் வனிலா. ரோஜா எங்க போச்சுன்னே தெரியல.

எல்லாரும் செய்யறதைத் தான் நானும் செஞ்சேன், ரோஜாவைக் கூட்டினேன். ரெண்டாவது ட்ரையல் ரோஜா 1.4, அம்பர் 0.6. ஆரம்பத்துல ரோஜா மூக்குல குத்துச்சு, சோப்பு, ஜெரேனியத்தோட பச்சை நெடி, ஒரு மணி நேரம் இப்படியே போய், அப்புறம் அதே வனிலா, இந்தத் தடவை மெலிஞ்ச வனிலா. அதாவது ரெண்டு பெர்ஃப்யூமை ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா போட்ட மாதிரி. இங்க தான் உக்காந்து யோசிச்சேன். சிட்ரனெல்லால், ஜெரானியால் எல்லாம் சில மணி நேரத்துல பறந்துடற சரக்கு, வனிலினும் லாப்டனமும் ஸ்ட்ரிப்ல நாள்கணக்குல உக்காரும். நான் எவ்வளவு ரோஜாவைக் கொட்டினாலும் அது போன பிறகு மிச்சம் நிக்கறது அம்பர் தான், அளவை மாத்தினா ரோஜா போற நேரம் தான் கொஞ்சம் தள்ளுது, போறது நிக்கல. அம்பர் கூடவே உக்காரற ஏதோ ஒரு ரோஜா வேணும்.

அன்னிக்கு ராத்திரி ஒரு காரியம் பண்ணேன், இதை எல்லாரும் செஞ்சு பாக்கணும். லாப்டனம் தோய்ச்ச ஸ்ட்ரிப் ஒண்ணை இடது கைல வெச்சுக்கிட்டு, கையில இருந்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனி ஸ்ட்ரிப்ல தோய்ச்சு, ரெண்டையும் விசிறி மாதிரி சேர்த்துப் பிடிச்சு மூக்குக்கு முன்னாடி ஆட்டினேன். சிட்ரனெல்லால் கூட வெச்சா ரெண்டும் தனித்தனி. ஜெரேனியம் கூட வெச்சா சண்டை. பச்சோலி கூட நல்லா போச்சு, அது தெரிஞ்சது தான். பீட்டா டமாஸ்கோன்னு ஒரு ரோஜா வாசனைப் பொருளோட 1 சதவீதக் கரைசல் ஸ்ட்ரிப்பை வெச்சப்ப ரெண்டு வாசனை இருந்த இடத்துல ஒண்ணு தான் இருந்துச்சு. ஸ்ட்ரிப்பை விலக்கினேன், திரும்ப ரெண்டு. சேர்த்தேன், ஒண்ணு. பிளம் பழம், தேன், லேசான புகையிலை, அதுக்குள்ள ரோஜா. லாப்டனத்துல இருக்கற காஞ்ச திராட்சையும் டமாஸ்கோன்ல இருக்கற பிளம்மும் கை கோர்த்துக்குது. நான் தேடின வாடின ரோஜா அந்த இடத்துல தான் இருந்துச்சு.

டமாஸ்கோன், டமாஸ்கினோன் இதையெல்லாம் ரோஸ் கீட்டோன்னு சொல்வாங்க. டமாஸ்கினோன் ரோஜா எண்ணெய்ல 1 சதவீதம் கூட கிடையாது, அதனாலயே ரொம்ப நாள் யார் கண்ணுக்கும் படல, பல்கேரிய ரோஜா எண்ணெய்ல இருந்து பிரிச்சு 1970-ல தான் அதோட அமைப்பை வெளியிட்டாங்க. ஆனா தண்ணில நூறு கோடியில ஒரு பங்குக்கும் கீழ இருந்தாலே நம்ம மூக்கு அதைப் பிடிச்சுடும், அதனால ரோஜாவோட வாசனைல அதுக்குப் பெரிய பங்கு. அளவுல சின்னது, வேலைல பெருசு. ரோஸ் கீட்டோன் எதையும் ரோஜா பேஸ்ல முதல்லயே போடாம விட்டது என் தப்பு.

சந்தோஷத்துல மூணாவது ட்ரையலைக் கெடுத்தேன். பாட்டில் லேபிள்ல பேனால எழுதியிருந்தேன், ஆல்கஹால் வழிஞ்சு மை கரைஞ்சு, 1 சதவீதமா 10 சதவீதமான்னு தெரியாம இருந்த ரெண்டு பாட்டில்ல தப்பான பாட்டிலை எடுத்துட்டேன். மூணு சொட்டு. அவ்வளவு தான். வேக வெச்ச பிளம்மும் புகையிலையும் சேர்ந்த ஒரு கனமான வாடை, ரூம் ஜன்னலைத் திறந்து வெச்சும் ரெண்டு நாள் போகல, அந்த ரெண்டு நாளும் வேற எதை மோந்தாலும் பிளம் தான் தெரிஞ்சுது, மூக்கு மரத்துப்போச்சு. அதுக்கப்புறம் லேபிள் எல்லாம் பென்சில்ல எழுதி மேல செல்லோ டேப் ஒட்டறேன், ஆல்கஹால் பென்சில் கோட்டைக் கரைக்காது. இன்னொண்ணும் முக்கியம், ரோஸ் கீட்டோன் அதிகமானா தோல்ல அலர்ஜி வரும், வாசனைப் பொருளுக்கான சர்வதேச அமைப்பு இஃப்ரா அதுக்கு உச்சவரம்பு வெச்சிருக்கு, அதனால இதை சொட்டுக் கணக்குல போடறதே தப்பு, நீர்த்த கரைசலா வெச்சு எடை போட்டுத் தான் சேர்க்கணும். என் தராசு 0.01 கிராம் வரைக்கும் தான் காட்டும். சுத்தமான டமாஸ்கோன் 0.003 கிராம் அதுல எடை போடவே முடியாது, 1 சதவீதக் கரைசல்ல 0.3 கிராம்னா நிம்மதியா போடலாம்.

நாலாவது தடவை அம்பரையே திரும்பக் கலந்தேன். முன்னாடி பிரமாதம்னு சொன்னேன்ல, அந்தப் பிரமாதத்துக்குக் காரணம் 1.5 கிராம் வனிலின், ரோஜாவை முழுங்கினதும் அதே 1.5 கிராம். புது பேஸ்ல லாப்டனம் கரைசல் 4.4, பென்சாயின் 4.2, வனிலின் 0.6, பச்சோலி 0.8. தனியா மோந்தா முன்ன அளவுக்கு மயக்காது, இனிப்பு குறைஞ்சு தோலும் புகையும் மேல வந்துச்சு, பச்சோலி கொஞ்சம் மண் வாசம் குடுத்துச்சு. தனியா நிக்கறப்ப அழகா இருக்கற அம்பரும் ரோஜாவுக்கு இடம் விடற அம்பரும் வேற வேற.

கடைசி கலவை 10 கிராம். ரோஜா பேஸ் 4.5, புது அம்பர் பேஸ் 3.5, ஹெடியோன் 1, எத்திலீன் பிராசிலேட் 0.6, பீட்டா டமாஸ்கோன் 1 சதவீதக் கரைசல் 0.3, பிங்க் பெப்பர் எண்ணெய் 0.1. ஹெடியோன் மல்லிகைச் சாயல் உள்ள லேசான பொருள், தனியா பெருசா ஒண்ணும் தெரியாது, ஆனா அது இல்லாம இந்தக் கலவை மூச்சு விட இடம் இல்லாம அடைஞ்சு கிடந்துச்சு. எத்திலீன் பிராசிலேட் ஒரு மஸ்க், அதாவது கஸ்தூரி சாயல் வாசனை, தோலோட ஒட்டற மென்மைக்கு. இதை மூணு நாள் அப்படியே விட்டு, அப்புறம் 40 கிராம் பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால் சேர்த்தேன், அதாவது மொத்தத்துல கலவை 20 சதவீதம்.

இங்க ஒரு அவசரம். ஆல்கஹால் நெடி கம்மியாகட்டும்னு 2 கிராம் டிஸ்டில்டு வாட்டர் விட்டேன், விட்ட இடத்துல பால் மாதிரி கலங்குச்சு. பிசின் தண்ணில கரையாது, தெரிஞ்சும் விட்டேன். ஃபிரிட்ஜ்ல மூணு நாள் வெச்சதும் மெழுகும் பிசினுமா அடியில ஒரு படலம் இறங்குச்சு, குளிர்ச்சியா இருக்கும்போதே காபி ஃபில்டர் பேப்பர்ல மெதுவா வடிகட்டினேன். 47 கிராம் கிடைச்சுது, தெளிவா, அடர்ந்த தேன் நிறத்துல. லாப்டனம் கனமா இருக்கற எந்தக் கலவைக்கும் தண்ணி வேண்டாம், குளிர வெச்சு வடிகட்டறது மட்டும் போதும்.

முதல் நாள் அடிச்சுப் பாத்தப்ப எனக்குப் பிடிக்கல, ஆல்கஹாலும் ஜெரேனியமும் முன்னாடி நின்னுச்சு. ஒரு வாரத்துல ஜெரேனியம் அடங்குச்சு. நாலு வாரம் இருட்டுல வெச்சு எடுத்தப்ப தான் எல்லாம் ஒண்ணா பேசுச்சு. மணிக்கட்டுல அடிச்சா முதல் பத்து நிமிஷம் பிங்க் பெப்பரோட சின்னக் காரம், பின்னாடி ரோஜா. அரை மணி நேரத்துல இருந்து மூணு மணி நேரம் வரைக்கும் தேன்ல ஊறின ரோஜா, பிளம், அடியில தோல் வாசம், இந்த நேரம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்புறம் மெதுவா சூடு ஏறுது, அஞ்சாவது மணி நேரம் அம்பர் தான் முன்னாடி, ஆனா மணிக்கட்டை மூக்கு கிட்ட கொண்டு போனா உள்ள ரோஜா இருக்கு. எட்டு மணி நேரம் கழிச்சு லாப்டனமும் பச்சோலியும், ஓரத்துல சிவப்பா ஏதோ ஒண்ணு. சட்டைக் காலர்ல அடுத்த நாளும் இருந்துச்சு. வெள்ளைத் துணில நேரா அடிக்காதீங்க, லாப்டனமும் வனிலினும் கறை போடும், வனிலின் இருக்கறதால நாளாக ஆக பாட்டிலே இன்னும் பழுப்பாகும், அது கெட்டுப் போனதுக்கு அடையாளம் இல்ல.

சேர்த்துப் பாத்து எடுத்துட்ட ரெண்டைப் பத்தியும் சொல்லிடறேன். அம்பர்ங்கற பேரைப் பாத்து அம்ப்ராக்ஸான் போட்டேன், அது ஆம்பர்கிரிஸ் பக்கத்து வாசனை, கிளாரி சேஜ் செடில கிடைக்கற ஸ்கிளாரியால்ல இருந்து தயாரிக்கறது, நல்லா பரவும், ஆனா காய்ஞ்ச கல்லு மாதிரி ஒரு குளிர்ச்சி குடுத்து என் கதகதப்பை உடைச்சுது. ரோஸ் ஆக்சைடு ஒரு துளி போட்டா ரோஜா உரிச்ச லிச்சி மாதிரி பளிச்சுன்னு ஆகுது, ஈரமான காலை ரோஜா வேணும்னா அது அருமை, நான் தேடினது அது இல்ல.

இப்ப ரெண்டாவது பாட்டில் ஊறிட்டு இருக்கு, வேற எதையும் மாத்தல, வனிலினை 0.6-ல இருந்து 0.4 ஆக்கி அந்த இடத்துல பென்சாயினை 4.4 ஆக்கியிருக்கேன். பதினோராவது நாள் ஸ்ட்ரிப்ல பாத்தேன், அஞ்சாவது மணி நேரத்துலயும் ரோஜா தான் முன்னாடி நிக்குது.